ஐக்யூ டெஸ்ட், திறனறித் தேர்வு: உங்க பிள்ளைங்க அனுபவம் சொல்லுங்க

மதுரை அம்மா:
பொண்ணுக்கு ஏழு வயசு. "வாயே மூட மாட்டேங்குறா, எங்கயாவது காட்டுங்க"ன்னு மிஸ் சொன்னதால போனோம். மாலின் டெஸ்ட்னு பிள்ளைங்களுக்கான ஐக்யூ டெஸ்ட் வச்சாங்க. கலர் கட்டைகளை அட்டையில உள்ள மாதிரி அடுக்கணும். மளமளன்னு அடுக்கிட்டு, கலைச்சுட்டு, "இப்ப நான் அடுக்குறேன், நீங்க பாத்து வைங்க ஆன்ட்டி"ன்னா. அவங்க நிமிரக்கூட இல்ல. ஸ்டாப்வாட்சை அமுக்கிட்டு அடுத்த அட்டையை வச்சாங்க. இவ முகம் அப்படியே சுருங்கிப்போச்சு. ரிப்போர்ட்ல ஐக்யூ 136. அடுத்து என்ன செய்யணும்னு கேட்டேன். "நல்லா படிக்கும்மா." அவ்வளவுதான்.

கரூர் வாத்தியார்:
காசுக்குக் கேடு அம்மா. என்எம்எம்எஸ்னு மத்திய அரசு உதவித்தொகைப் பரீட்சை இருக்கே, அதைப் பத்தி யாருமே பேச மாட்டேங்குறீங்க. ஒரு வருஷம் நான் ஹால் சூப்பர்வைசர். கண்ணாடியில தெரியுற கடிகாரத்துல மணி எத்தனைன்னு ஒரு கேள்வி. ஒரு பையன் கேள்வித்தாளைப் பின்பக்கமா திருப்பி ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சான். யாருக்கோ விடை காட்டுறான்னு நினைச்சு அதட்டிட்டேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டும்போதுதான் உறைச்சுது.
சரி, விவரம்: எட்டாம் வகுப்புல எழுதணும். அரசு, உதவிபெறும் பள்ளி மட்டும். குடும்ப வருமானம் 3.5 லட்சத்துக்குள்ள. மேட் (மனத்திறன்) 90 கேள்வி, சேட் (பாடம்) 90 கேள்வி. செலக்ட் ஆனா ஒன்பதுலேருந்து பன்னிரண்டு வரை வருஷம் 12,000 ரூபாய். வருமானச் சான்றிதழை முன்னாடியே வாங்கி வச்சிடுங்க, கடைசி வாரத்துல சர்வர் படுத்துரும். மேட்டுக்கு கைடு வேண்டாம், பழைய கேள்வித்தாளை நேரம் வச்சுப் போடவிடுங்க. ஓஎம்ஆர்ல, அதான் வட்டத்தை நிரப்புற விடைத்தாள்ல, ஒரு வரிசை தள்ளி ஷேட் பண்ணிட்டா மொத்தமும் போச்சு, அதையும் பழக்குங்க.

சிங்கப்பூர் செல்வி:
சார், ஏழு வயசுக்காரிக்கு எட்டாம் கிளாஸ் பரீட்சையா? இங்க ஜிஇபின்னு, ரொம்பத் திறமையான பிள்ளைங்களுக்கான தனித் திட்டம், 1984ல ஆரம்பிச்சது. பிரைமரி 3ல ரெண்டு சுற்று வச்சு ஏறக்குறைய 1% பேரை எடுத்துக்கிட்டு இருந்தாங்க. அதுக்கும் டியூஷன் முளைச்சுது. 2024ல பிரதமரே இதை மாத்தப்போறோம்னு அறிவிச்சார். என் மகன் ரெண்டாவது சுற்றுல வரல. ஒண்ணும் பேசல. பரீட்சைக்குன்னு வாங்குன 2பி பென்சில் ரெண்டையும் எடுத்துத் தம்பிகிட்ட குடுத்துட்டான். மாத்துறதை அப்பவே மாத்தியிருக்கலாம்.

மதுரை அம்மா:
சார், இவ பிரைவேட் ஸ்கூல். நீங்க சொல்ற பரீட்சையை எழுதவே முடியாது. ஆனா அந்தப் பையன் கதையைச் சொன்னேன். காலண்டர் தாள்ல கடிகாரமா வரைஞ்சு ஜன்னல் பூரா ஒட்டிக்கிட்டு இருக்கா. சாப்பிடக் கூப்பிட்டா "பின்னாடி மணி ஆகட்டும்"ங்குறா.