முழுவியளம் சரியில்லையா, கணக்கு சரியில்லையா?

குளத்தடி:
வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றுகிறது, உங்களுக்கும் வந்திருக்கும். பூனை குறுக்கே போனால் முழுவியளம், அதாவது புறப்படும்போது எதிர்ப்படுகிற சகுனம், சரியில்லை, நின்று போ, இரவில் நகம் வெட்டாதே, வடக்கே தலை வைத்துப் படுக்காதே, வாசலில் வேப்பிலை கட்டு, இப்படி முன்னோர் சொன்ன எல்லாவற்றுக்கும் பின்னால் விஞ்ஞானம் இருக்கிறதாம். நானும் அந்தப் பக்கம்தான். எங்கள் அப்பு, அம்மம்மா படிக்காதவர்களாக இருக்கலாம், மடையர்கள் இல்லை. காட்டுக்குள் தேன் எடுக்கப் போகிறவன் இறங்க முதல் ஒரு கொப்பு முறித்து ஐயனாருக்கு என்று மரத்தடியில் போட்டுவிட்டுத்தான் போவான். பின்னால் வருகிறவனுக்கு உள்ளே ஆள் நிற்கிறது என்று அதைப் பார்த்தே தெரிந்துவிடும். இதை மூடநம்பிக்கை என்கிறவர்கள் ஒருக்கால் கரடி திரிகிற காட்டுக்குள் தனியாகப் போய்விட்டு வந்து கதைக்கட்டும்.

முத்தையன்கட்டான்:
கொப்பு விஷயத்தில் சண்டை இல்லை அண்ணை. பட்டியலில் இருக்கிற மற்றதைப் பாருங்கள். இரத்தத்தில் இரும்பு இருக்கிறதாம், வடக்கே தலை வைத்தால் பூமியின் காந்தம் அதை மூளைப் பக்கம் இழுக்குமாம். இரத்தத்தில் இருக்கிற இரும்பு காந்தத்தில் ஒட்டுகிற ஆணி இரும்பு இல்லை. ஆஸ்பத்திரியில் எம்ஆர்ஐ மெஷினின் காந்தம் பூமியினுடையதைவிடப் பல்லாயிரம் மடங்கு பலமானது, அதற்குள் படுத்து எழும்பி வருகிறவர்களின் இரத்தம் எங்கேயும் ஓடிவிடவில்லை.

வேப்பிலை வேறு கதை. அம்மாள் வருத்தம் வந்த வீட்டு வாசலில் வேப்பிலை கண்டால் வெளியாள் உள்ளே வரமாட்டான், அந்த அளவில் அது நல்ல ஏற்பாடு. ஆனால் பெரியம்மையை உலகத்தைவிட்டே துரத்தியது தடுப்பூசி, 1980 இல் உலக சுகாதார நிறுவனம் அது ஒழிந்துவிட்டது என்று அறிவிக்க முடிந்தது அதனால்தான். எனக்கு எரிச்சல் எதில் என்றால், நம்புகிறவர் நம்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகலாமே, அதற்கு ஏன் பொய் விஞ்ஞானம்? வட்டாப்பளைப் பொங்கலுக்கு வைகாசியில் போகிற சனம் கடல் தண்ணீரில் எரியும் விளக்கைக் கும்பிடுவதற்கு யாரிடமும் இரசாயனப் பாடம் கேட்பதில்லை.

கரைவலை:
நான் முல்லைத்தீவுக் கரை. நந்திக்கடல் களப்பில், அதாவது கரையோரத்து ஆழமற்ற உப்புநீர்ப் பரப்பில், இறால் பிடிக்கப் போகிறவர்கள் நாள் நட்சத்திரம் பார்த்து நான் கண்டதில்லை, தண்ணீர் இடுப்பளவு, வலையைத் தூக்கிக்கொண்டு போகவேண்டியதுதான். பெருங்கடலுக்குப் போகிற படகு என்றால் அப்படி இல்லை, எலுமிச்சம்பழம், கற்பூரம், எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கக் கூடாது, வெறும் குடம் எதிரே வரக் கூடாது, ஆயிரம் சட்டம். ஒரே ஆள்தான், களப்பில் ஒரு மாதிரி, கடலில் வேறு மாதிரி. ஏனென்று எனக்கும் விளங்கவில்லை.

முத்தையன்கட்டான்:
நீங்கள் சொன்னதை அப்படியே நூறு வருடத்துக்கு முன்னம் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். மலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர், முதலாம் உலகப் போர்க் காலத்தில் பசிபிக்கில் டிரோபிரியாண்ட் தீவுகளில் இருந்தவர். அங்கும் களப்புக்குள் மீன் பிடிக்கும்போது மந்திரம் தந்திரம் இல்லை, திறந்த கடலுக்குப் போகும்போதுதான் சடங்கு. ஆபத்தும் நிச்சயமின்மையும் எங்கே கூடுகிறதோ அங்கேதான் சடங்கும் கூடுகிறது என்றார். பல்லி, பூனை, ஒற்றைத் தும்மல் எல்லாமே பயணத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். போனவன் திரும்பி வருவானா என்று தெரியாத காலத்தில் வந்த பயம் அது. கிணற்றடிக்குப் போக யாரும் சகுனம் பார்ப்பதில்லையே.

குளத்தடி:
அப்போ ஒத்துக்கொள்கிறீர்கள். ஆபத்து இருக்கிற இடத்தில் மனதுக்கு ஒரு பிடி வேண்டும். ஏ9 வீதியில் போகிற பஸ், லொறி, வான் எல்லாம் முறிகண்டியில் நிற்கும், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டுதான் அப்பால் போகும். நிற்காமல் போனவர்களுக்கு என்ன நடந்தது என்று சாரதிமாரிடம் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

முத்தையன்கட்டான்:
கதை கதையாகச் சொல்வார்கள், அதுதான் பிரச்சினையே. நிற்காமல் போய் அடிபட்டவனின் கதை ஊரெல்லாம் வரும். நின்று தேங்காய் உடைத்துவிட்டுப் போய் மாங்குளத்தில் அடிபட்டவனின் கதையை யாரும் எடுப்பதில்லை. நிற்காமல் போய்ச் சுகமாக வீடு சேர்ந்தவனை எண்ணவே மாட்டார்கள். மனித மூளை மட்டுமல்ல, புறாவும் இப்படித்தான். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் 1948 இல் பசித்த புறாக்களைப் பெட்டியில் விட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒரே இடைவெளியில் தீன் போட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு புறா சுற்றிச் சுற்றி வரத் தொடங்கியது, இன்னொன்று பெட்டியின் மூலையில் தலையை நீட்டி நீட்டி எடுத்தது. தான் செய்ததால்தான் தீன் வந்தது என்று நினைத்தது போல இருந்தது அவற்றின் நடத்தை. நீண்ட ஓட்டத்தில் சாரதி முறிகண்டியில் இறங்கி முகம் கழுவுவது நல்லதுதான், அதில் எனக்குப் பேச்சில்லை.

இன்னொன்று. எலிக்காய்ச்சல் வராமல் தடுக்க டொக்சிசைக்கிளின் குளிசை கொடுத்தால் வாங்கிப் பொக்கற்றில் வைத்துவிட்டு வயலுக்குள் இறங்குகிற மனிதர், பூனை குறுக்கே போனதற்காக உழவு இயந்திரத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். எலியைப் பிடிக்கிற பூனைக்குப் பயம், எலிக்குப் பயமில்லை. ஆந்தையும் அப்படித்தான், அலறினால் கல்லால் எறிகிறோம், அது ஒரு இரவில் பிடிக்கிற எலியை யார் கணக்குப் பார்த்தது?

ரொறன்ரோ மாங்குளம்:
இங்கே பல கட்டிடங்களில் லிஃப்டில் 12 க்குப் பிறகு 14 தான் இருக்கும், 13 ஆம் மாடி கிடையாது. கணினி செய்கிற ஊர்க்காரனுக்கும் இருக்கிறது இந்த வருத்தம், வன்னியை மட்டும் பேசாதீர்கள். கறுப்புப் பூனையும் இங்கிலாந்தில் பல இடங்களில் அதிர்ஷ்டம். பூனைக்கே தெரியாது தான் எந்த நாட்டில் நல்லது, எந்த நாட்டில் கூடாதது என்று.

குளத்தடி:
எல்லாவற்றையும் எலிக் கணக்காக ஆக்கினால் வாழ்க்கையில் ருசி இருக்காது தம்பி. களத்தில் சூடு மிதிக்கும்போது, அதாவது கதிரை மிதித்து நெல்லைப் பிரிக்கும்போது, சாதாரணப் பேச்சுப் பேசக் கூடாது, நெல்லைப் பொலி என்றுதான் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பூதம் அள்ளிக்கொண்டு போய்விடும் என்பார்கள். சிங்களக் கமக்காரருக்கும் களத்துக்கென்று தனிப் பேச்சு இருக்கிறது. அந்தப் பேச்சுக்காகவே களத்துக்கு ஓடுவோம் சின்ன வயதில். இப்போது மெஷின் வயலிலேயே வெட்டி மூட்டையாகத் தந்துவிடுகிறது, பூதத்துக்கும் வேலை போச்சு, எங்களுக்கும் அந்தச் சொற்கள் போச்சு.

பாலைப்பழம்:
இவ்வளவு நேரமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். பூனை, ஆந்தை, புறா எல்லாம் வந்துவிட்டன, ஆட்கள் யாரும் வரவில்லை. கைம்பெண் எதிரே வந்தால் முழுவியளம் சரியில்லை என்று திரும்பி வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்களே, அதற்கு உங்கள் பட்டியலில் என்ன விஞ்ஞானம் எழுதியிருக்கிறது குளத்தடி அண்ணை? 2009 இல் போர் முடிந்த பிறகு வன்னியில் ஒழுங்கைக்கு ஒழுங்கை ஆண் துணை இல்லாத வீடு. அப்பா இல்லாமல் எங்கள் அம்மா தோட்டம் செய்து, ஆடு வளர்த்து எங்களைப் படிப்பித்தார். அக்காவின் கலியாணத்தில் அதே அம்மா குசினிக்குள் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றார், தாலி கட்டுவதை யன்னல் வழியாகத்தான் பார்த்தார். யாரும் வெளியே வராதே என்று சொல்லவில்லை, சொல்லாமலே விளங்க வைத்துவிட்டார்கள்.

குளத்தடி:
தங்கச்சி, அது சாத்திரம் இல்லை, சனத்தின் கொடுமை. அதையும் கொப்பு முறிக்கிறதையும் ஒன்றாகக் கட்டாதீர்கள்.

பாலைப்பழம்:
நான் கட்டவில்லை, இரண்டையும் சொன்ன வாய் ஒன்றுதான். முன்னோர் சொன்னதெல்லாம் சரி என்று தொடங்கியது நீங்கள். கொப்பு முறித்தால் மரத்துக்குக்கூட வலிக்காது, முறியுங்கள். முழுவியளம் என்று சொன்னால் ஒரு மனுசி வாசல் தாண்ட யோசிக்கிறாள்.

கரைவலை:
அக்கா சொல்வது நியாயம். எங்கள் கரையிலும் ஒன்று கேட்கிறேன். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. சுனாமி அலை வந்தது காலையில். ஞாயிறு ராகு காலம் பின்னேரம் நாலரைக்குத் தொடங்குகிறது. அப்போ அந்தக் காலை நல்ல நேரமா?

முத்தையன்கட்டான்:
ராகு என்று ஒரு கோளே வானத்தில் இல்லை. சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டுகிற இரண்டு புள்ளிகள்தான் ராகுவும் கேதுவும், கிரகணம் அந்த இடங்களுக்குக் கிட்டத்தான் நடக்கும், பாம்பு விழுங்குகிறது என்ற கதை அங்கிருந்துதான். அந்தக் கணக்கைப் பிடித்த பழைய ஆட்கள் கெட்டிக்காரர்கள், அதில் சந்தேகமில்லை. ராகு காலம் என்பது பகலை எட்டாகப் பிரித்து, கிழமைக்கு ஒரு துண்டைத் தள்ளி வைப்பது, அதற்கும் அந்தப் புள்ளி அன்றைக்கு வானத்தில் எங்கே நிற்கிறது என்பதற்கும் சம்பந்தமே இல்லை. பஞ்சாங்கமும் ஒன்றா இருக்கிறது? திருக்கணிதப்படி மீனத்துக்குச் சனி மாறியது 2025 மார்ச் 29, வாக்கியப்படி 2026 மார்ச். ஒரே சனி, கிட்டத்தட்ட ஒரு வருடம் வித்தியாசம். இடையில் யாருக்கு ஏழரை?

குளத்தடி:
எங்கள் வீட்டில் பரம்பரையாக வாக்கியம். அதை மாற்றுகிற எண்ணம் இல்லை, உங்கள் கேள்விக்கு ஐயரிடம் கேட்டுத்தான் பதில் சொல்லவேண்டும். தங்கச்சி, உங்கள் வீட்டில் அடுத்த கலியாணம் வந்தால் சொல்லுங்கள், நாங்கள் குடும்பமாக வருவோம்.

பாலைப்பழம்:
ஆவணியில் தம்பிக்கு. வாங்கோ அண்ணை, இந்த முறை அம்மா மணவறைக்குப் பக்கத்தில்தான் நிற்பார், முதல் ஆராத்தியும் அவர்தான், அதில் பேச்சுக்கு இடமில்லை என்று தம்பி சொல்லிவிட்டான். நாள்தான் இன்னும் சரிவரவில்லை. நாங்கள் வாக்கியம், பொம்பிளை வீடு திருக்கணிதம்.