எக்ஸ்வி6: கேஅல்லாக்கில் ரெஃப்கவுண்ட் சேர்த்தபின் 3 சிபியுவில் மட்டும் பானிக், என்ன காரணம்?

பைட்டுக்காரன்

வணக்கம். எம்ஐடியின் படிப்புக்கான சின்ன ஓஎஸ் எக்ஸ்வி6, ரிஸ்க்-ஃபைவ் சிபியுவுக்கான வடிவம், கியூஇஎம்யூ எமுலேட்டரில் ஓட்டுகிறேன். ஃபோர்க் செய்து பிள்ளை பிராசஸை உருவாக்கும்போது அப்பா பிராசஸின் மெமரி முழுவதையும் பேஜ் பேஜாகக் காப்பி அடிக்காமல், இருவரும் ஒரே பேஜைப் பகிர்ந்துகொண்டு யார் முதலில் எழுதுகிறாரோ அவருக்கு மட்டும் தனிக் காப்பி கொடுக்கும் காப்பி-ஆன்-ரைட்டைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்காக, பேஜைக் கொடுக்கும் கேஅல்லாக்கும் விடுவிக்கும் கேஃப்ரீயும் உள்ள கேஅல்லாக்.சி-யில் பேஜுக்கு ஒன்று என்று ஒரு ரெஃப்கவுண்ட் (எத்தனை பேர் பகிர்கிறார்கள் என்ற எண்ணிக்கை) வரிசை வைத்திருக்கிறேன். 128 எம்பி, 4096 பைட் பேஜ், ஆக 32768 இன்ட். அதற்கென்று தனியாக ஒரு ஸ்பின்லாக்கும் (ஒரு நேரத்தில் ஒரு சிபியுவை மட்டும் உள்ளே விடும் பூட்டு) உண்டு.

பூட் ஆகும்போது ஃப்ரீரேஞ்ச் எல்லா பேஜுக்கும் கேஃப்ரீயைக் கூப்பிடும், அப்போது எண்ணிக்கை 0-விலிருந்து -1 ஆகிவிடும் என்பது தெரியும், அதனால் அங்கே முதலிலேயே 1 போட்டுவிட்டேன். பூட் ஆகிறது, ஷெல் வருகிறது, எல்எஸ் ஓடுகிறது. கர்னலிலிருந்து யூசர் மெமரிக்கு எழுதும் காப்பிஅவுட்டிலும் பகிர்ந்த பேஜா என்று பார்த்துப் பிரிக்கும் வேலையைச் சேர்த்தாயிற்று.

பிரச்சினை இதுதான். சிபியு 1 என்று கொடுத்து ஓட்டினால் காப்பி-ஆன்-ரைட்டுக்கான சோதனை கவ்டெஸ்ட் முழுக்கத் தேறுகிறது. மேக்ஃபைலில் இருக்கிறபடி 3 சிபியுவில் விட்டால் மூன்று பிராசஸ் ஒன்றாக எழுதும் டெஸ்டில் சில சமயம் தேறுகிறது, சில சமயம் கர்னல் ட்ராப் பானிக் (மேலே போக முடியாமல் கர்னல் நின்றுவிடுகிறது). எஸ்காஸ் (ட்ராப்பின் காரண எண்) 13, எஸ்டிவால் (சிக்கிய முகவரி) முழுக்க 0505050505050505. எஸ்இபிசி, அதாவது விழுந்த கட்டளையின் முகவரியை கர்னல்.ஏஎஸ்எம் கோப்பில் தேடினால் கேஅல்லாக்குக்குள்ளேயே, ஃப்ரீலிஸ்ட்டின் (காலி பேஜ்களின் சங்கிலி) அடுத்த கண்ணியை எடுக்கும் வரியில் நிற்கிறது. அந்த வரியை நான் தொடவே இல்லை!

என் கேஃப்ரீ சுருக்கமாக:

லாக் எடு
எண்ணிக்கை[பேஜ்] -= 1
லாக் விடு
எண்ணிக்கை[பேஜ்] > 0 என்றால் திரும்பு
பேஜ் முழுக்க 1 நிரப்பு
ஃப்ரீலிஸ்ட் லாக் எடு, பேஜைத் தலையில் சேர், லாக் விடு

குப்பை நிரப்பும் வேலை 4096 பைட், அதை லாக்குக்குள் வைத்தால் மற்ற சிபியு காத்துக் கிடக்குமே என்று வெளியே வைத்திருக்கிறேன். பகிர்ந்த பேஜில் எழுதப்போகும்போது வரும் பேஜ் ஃபால்ட்டில் எண்ணிக்கை 1 என்றால் காப்பி எடுக்காமல் எழுதும் அனுமதியை மட்டும் திருப்பிக் கொடுக்கிறேன், அந்த இடத்தில் லாக் கிடையாது. அதுதான் தப்போ?

ரிஸ்க்வாசி

எஸ்டிவாலில் 05 வரிசையாக வந்தாலே பாதி விடை கிடைத்த மாதிரி. கேஃப்ரீ 1-ஐ நிரப்பும், கேஅல்லாக் 5-ஐ நிரப்பும், எக்ஸ்வி6-இல் இதற்காகவேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். 0101 என்று பார்த்தால் விடுவித்த பேஜை யாரோ இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். 0505 என்றால் இப்போதுதான் ஒருவருக்குக் கொடுத்த பேஜ். அப்படிப்பட்ட பேஜின் முதல் 8 பைட்டை ஃப்ரீலிஸ்ட் சுட்டியாக எடுத்துப் படிக்கிறது என்றால், கொடுத்த பிறகும் அது லிஸ்டில் இருக்கிறது. அதாவது ஒரே பேஜ் இரண்டு முறை லிஸ்டில் ஏறியிருக்கிறது.

போகிற போக்கில் ஒரு வேடிக்கை: இந்தக் குப்பை எண்களை ரிஸ்க்-ஃபைவ் கட்டளையாகவும் ஓட்டலாம். 0101 என்பது எஸ்பி என்ற ரெஜிஸ்டரோடு 0 கூட்டும் 16-பிட் கட்டளை, ஒன்றும் செய்யாது. 0505 என்றால் ஏ0 ரெஜிஸ்டரோடு 1 கூட்டு. ஆகவே கோட் பேஜ் கெட்டுப்போனால் உடனே விழாமல் பேஜ் முடியும்வரை சமர்த்தாக வழுக்கிக்கொண்டு போய் வேறெங்கோ விழும், விழுந்த இடத்தைப் பார்த்துக் குழம்பாதீர்கள்.

பழைய_பாயிண்டர்

நீங்கள் சந்தேகப்படும் இடத்தில், லாக் இல்லாத அந்த ஃபால்ட் வரியில், தப்பு இல்லை. எண்ணிக்கை 1 என்று படித்தால் அந்தப் பேஜ் உங்களுடையது மட்டும்தான். அதை 2 ஆக்கக்கூடிய ஒரே ஆள் ஃபோர்க் செய்யும் நீங்கள், நீங்களோ ஃபால்ட்டில் நிற்கிறீர்கள். எக்ஸ்வி6 பிராசஸுக்கு ஒரே த்ரெட்தான் என்பதால் அங்கே லாக் தேவையில்லை.

தப்பு கேஃப்ரீயின் நாலாவது வரியில். லாக்கை விட்ட பிறகு எண்ணிக்கையை மறுபடி படிக்கிறீர்கள். அப்பாவும் பிள்ளையும் வேறு வேறு சிபியுவில் ஒரே நேரத்தில் ஒரே பேஜில் எழுதுகிறார்கள், எண்ணிக்கை 2. இருவரும் தனித்தனிக் காப்பி எடுத்துவிட்டு பழைய பேஜுக்கு கேஃப்ரீ போடுகிறார்கள். முதலாமவர் 1 ஆக்கி லாக்கை விடுகிறார், திரும்பிப் படிப்பதற்குள் இரண்டாமவர் 0 ஆக்கிவிடுகிறார். இப்போது இருவர் கண்ணுக்கும் 0 தெரிகிறது, இருவரும் பேஜை லிஸ்டில் சேர்க்கிறார்கள். கடைசியாகப் போகிறவர் கதவைப் பூட்ட வேண்டிய வீட்டில், இரண்டு பேரும் தெருவுக்கு வந்து நின்று திரும்பிப் பார்த்துவிட்டு நான்தான் கடைசி என்று சொல்வதைப் போல. லாக் உங்கள் கழித்தலைக் காப்பாற்றியது, கழித்தபின் எடுத்த முடிவைக் காப்பாற்றவில்லை.

அடுத்து நடப்பதைத் தாளில் போட்டுப் பாருங்கள். பேஜின் பெயர் அ என்று வைத்துக்கொள்வோம். முதல் தடவை ஏறும்போது அ-வின் அடுத்தது பழைய தலை. இரண்டாம் தடவை ஏறும்போது தலையே அ, எனவே அ-வின் அடுத்தது அ. மீதி லிஸ்ட் மொத்தமும் அந்த நொடியில் தொலைந்தது. அடுத்து வருவது ஒரு ஃபோர்க் என்றால் ட்ராப்ஃப்ரேமுக்கு (கர்னலுக்குள் நுழையும்போது ரெஜிஸ்டர்களைச் சேமிக்கும் இடம்) ஒரு பேஜ் கேட்கும், அ கிடைக்கும், அதில் 5 நிரம்பும். தலை இன்னும் அ. உடனே பேஜ் டேபிளின் (பிராசஸின் முகவரிகளை மெமரி பேஜ்களோடு இணைக்கும் அட்டவணை) வேருக்கு இன்னொன்று கேட்கும், அதற்கும் அ-வே கிடைக்கும், தலை இப்போது அ-வின் முதல் 8 பைட், அதாவது 0505050505050505. மூன்றாவதாகக் கேட்கும்போது அந்த முகவரியைப் படிக்கப் போய் எஸ்காஸ் 13, லோட் பேஜ் ஃபால்ட். நீங்கள் தொடாத வரியில் விழுந்ததற்கு இதுதான் காரணம்.

சிபியு ஒன்றாக இருந்தால் ஏன் வரவில்லை? யூசர் புரோக்ராமிலிருந்து கர்னலுக்கு வரும் யூசர்ட்ராப்புக்குள் நுழையும்போது இன்டரப்ட் அணைந்திருக்கும், சிஸ்டம் கால் பாதையில்தான் அதைத் திரும்பப் போடுகிறார்கள். உங்கள் பேஜ் ஃபால்ட் பாதை அந்தப் பக்கம் போவதில்லை, எனவே நடுவில் டைமர் வந்து பிராசஸை மாற்ற வழியே இல்லை. ஒரு சிபியுவில் தேறியதை வைத்து இதில் எதையும் நம்ப வேண்டாம்.

திருத்தம் ஒரு வரிதான். லாக்குக்குள் கழித்ததும் கிடைத்த மதிப்பை ஒரு லோக்கல் மாறியில் எடுத்துக்கொண்டு, லாக்கை விட்டபின் அந்த மாறியை மட்டும் பாருங்கள். குப்பை நிரப்புவதை லாக்குக்கு வெளியே வைத்தது நல்லதுதான், 0 ஆக்கியவர் ஒருவர்தான் என்று உறுதியானபின் அந்தப் பேஜை வேறு யாரும் தொடப்போவதில்லை.

பைட்டுக்காரன்

பிடித்துவிட்டீர்கள் அண்ணா. அந்த ஒரு வரியை மாற்றினேன், 3 சிபியுவில் திரும்பத் திரும்ப ஓட்டியும் பானிக் இல்லை. 8 சிபியுவிலும் தேறுகிறது.

ஆனால் இன்னொன்று. ஒரு சின்ன புரோக்ராம் எழுதிப் பார்த்தேன்: மெமரி கேட்கும் சிஸ்டம் கால் எஸ்பிஆர்கே-யில் கிடைக்கும்வரை மெமரியை வாங்கி, கடைசியில் ஒரு 20 பேஜைத் திருப்பிக் கொடுத்து, அப்புறம் ஃபோர்க். எதிர்பார்த்தபடி ஃபோர்க் -1 தருகிறது, புரோக்ராம் ஒழுங்காக முடிகிறது. ஆனால் ஃப்ரீலிஸ்ட்டை எண்ணிப் பார்த்தால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரே ஒரு பேஜ் குறைகிறது. உள்ளே ஃபோர்க்கை எத்தனை தடவை போட்டாலும் ஒன்றுதான் குறைகிறது, அதுதான் புரியவில்லை.

ரிஸ்க்வாசி

ஃபோர்க்கில் அப்பாவின் பேஜ்களைப் பிள்ளைக்குக் கொடுக்கும் யுவிஎம்காப்பியில் எண்ணிக்கையைக் கூட்டுவது, பேஜை டேபிளில் பதியும் மேப்பேஜஸுக்கு முன்னாலா பின்னாலா?

பைட்டுக்காரன்

முன்னால்.

ரிஸ்க்வாசி

அப்போது அதுதான். மெமரி பற்றாக்குறையில் யுவிஎம்காப்பி பாதி வழியில் விழுவது எங்கே தெரியுமா, டேட்டா பேஜுக்காக இல்லை, அதைத்தான் பகிர்ந்துவிட்டோமே. பிள்ளையின் பேஜ் டேபிளுக்காக. 2 எம்பிக்கு ஒரு டேபிள் பேஜ் வேண்டும், நீங்கள் விட்டுவைத்த 20 பேஜ் ஏறத்தாழ 30 எம்பியில் தீர்ந்துபோகும். அந்த இடத்தில் மேப்பேஜஸ் தோற்று, பிழைப் பாதைக்குப் போய், அதுவரை மேப் ஆனவற்றை மட்டும் யுவிஎம்அன்மேப் திருப்பும். தோற்ற அந்த ஒரு பேஜுக்குக் கூட்டிய 1 அப்படியே நிற்கும். பழைய கோடில் அங்கே ஒரு கேஃப்ரீ இருந்திருக்கும், காப்பி எடுக்கும் வரிகளோடு சேர்த்து அதையும் எடுத்திருப்பீர்கள். திரும்ப ஃபோர்க் போட்டாலும் அதே இடத்தில்தான் தோற்கும், அதே பேஜின் எண்ணிக்கைதான் ஏறும், அதனால் தொலைவது ஒன்றே.

கூட்டுவதை மேப்பேஜஸ் வென்றபின் வையுங்கள். அப்பாவின் பங்கு ஏற்கெனவே கணக்கில் இருப்பதால் இடையில் 0 ஆகிவிடும் பயம் இல்லை.

பழைய_பாயிண்டர்

அதோடு, எண்ணிக்கை 1 என்றால் அனுமதியை மட்டும் திருப்பிக் கொடுக்கிறீர்களே, அதை வேகத்துக்கு மட்டும் என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். தோற்ற ஃபோர்க்குக்குப் பிறகு அப்பாவின் மெமரியில் ஒரு பகுதி படிக்க மட்டும் என்று மாறி நிற்கும். மெமரி இல்லாத நேரத்தில் அதில் எழுதப்போய், காப்பி எடுக்க பேஜ் கேட்டு, கிடைக்காமல் ஒரு பாவமும் செய்யாத பிராசஸ் சாகும்.

இரண்டு முறை விடுவிப்பதைப் பழைய எக்ஸ்வி6 தானாகவே பிடித்துவிடும். 2006-இல் எக்ஸ்86-இல் தொடங்கிய காலத்து கேஅல்லாக் எத்தனை பைட் என்று கேட்டு வாங்கும், தொடர்ச்சியான பல பேஜைத் தரும். ஃப்ரீலிஸ்ட் முகவரி வரிசையில் இருக்கும், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நீளம், விடுவிக்கும்போது பக்கத்துத் துண்டோடு ஒட்டவைக்கும். ஒட்டவைக்க லிஸ்டை நடந்தே ஆகவேண்டும், நடக்கும்போது இது ஏற்கெனவே லிஸ்டில் இருக்கிறதே என்று கண்டு பானிக் அடிக்கும். பின்னால் ஒரு பேஜ் மட்டும் கொடுத்தால் போதும் என்று சுருக்கியதில் கோட் படிக்க அழகாக ஆனது, இந்தச் சோதனையும் கூடவே போனது. படிப்புக்கான ஓஎஸ்ஸுக்கு அந்தச் சுருக்கம் சரி என்பதுதான் என் கட்சி, ஆனால் ரெஃப்கவுண்ட் வைத்திருக்கும் நீங்கள் அதை இலவசமாகத் திரும்பப் பெறலாம். கழித்தபின் மதிப்பு 0-க்குக் கீழே போனால் அங்கேயே பானிக். அந்த ஒரு வரியை எப்போதும் விட்டுவையுங்கள்.

பைட்டுக்காரன்

இடம் மாற்றினேன், பேஜ் குறையவில்லை. 0-க்குக் கீழே பானிக்கும் சேர்த்தாயிற்று. அடுத்து சிபியுவுக்கு ஒரு ஃப்ரீலிஸ்ட் என்று பிரிக்கப் போகிறேன். ரெஃப்கவுண்ட் லாக்கையும் சிபியுவுக்கு ஒன்றாகப் பிரிக்க வேண்டுமா?

பழைய_பாயிண்டர்

கூடாது. பகிர்ந்த பேஜை எந்த சிபியுவும் விடுவிக்கலாம், ஆளுக்கொரு லாக் வைத்தால் லாக்கே இல்லாத மாதிரிதான். அந்த லாக்கை முழுவதும் தூக்கிவிட்டு அட்டாமிக்காக (நடுவில் வேறு சிபியு புக முடியாதபடி) கழியுங்கள், கழித்தபின் மதிப்பைத் திருப்பித் தரும் ஜிசிசி கம்பைலரின் சிங்க் வகை ஃபங்ஷன் உண்டு, அதே குடும்பத்தில் ஒன்றைத்தான் ஸ்பின்லாக்கும் பயன்படுத்துகிறது. வரிசையை இன்ட்டாகவே வையுங்கள். பிராசஸ் 64-க்கு மேல் கிடையாதே, ஒரு பைட் போதுமே என்று தோன்றும், ஆனால் ரிஸ்க்-ஃபைவின் வழக்கமான அட்டாமிக் கட்டளைகள் 4 அல்லது 8 பைட்டில்தான் வேலை செய்யும்.

லிஸ்டைப் பிரிக்கும்போது சிபியு எண்ணைக் கேட்பதற்கு முன் புஷ்ஆஃப் (இன்டரப்டை அணைப்பது), லிஸ்ட் வேலை முடிந்தபின் பாப்ஆஃப் (பழைய நிலைக்குத் திருப்புவது). பூட்டில் ஃப்ரீரேஞ்ச் சிபியு 0-வில் ஓடுவதால் எல்லா பேஜும் அதன் லிஸ்டில்தான் போய்ச் சேரும், மற்றவர்கள் அங்கிருந்து திருட வேண்டும். திருடப் போகும்போது உங்கள் லிஸ்டின் லாக்கை விட்டுவிட்டுப் போங்கள். இரண்டு சிபியு ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றால் பானிக் செய்திகூட வராது, சும்மா நிற்கும்.

ரிஸ்க்வாசி

ஒரு பேஜாகத் திருடாமல் ஒரு 32-ஆக எடுங்கள், இல்லாவிட்டால் பூட் ஆனதும் எல்லா சிபியுவும் 0-வின் லாக்கிலேயே மோதிக்கொண்டிருக்கும், பிரித்ததில் பயனில்லை.