பெருவில் அம்மாவுடன் ஒரு வாரம்: இந்தப் பயணத் திட்டம் சரிவருமா? மச்சு பிச்சு டிக்கெட்டும் கிடைக்கவில்லை, உதவி தேவை

கோவை கார்த்திகா
வணக்கம் நண்பர்களே. ஆகஸ்ட் கடைசியில் நான், என் கணவர், அம்மா (63 வயது) மூவரும் பெரு போகிறோம். ஹூஸ்டனில் தங்கை வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு அங்கிருந்து லிமாவுக்கு விமானம். மூவருக்கும் அமெரிக்க விசா செல்லுபடியில் இருப்பதால் பெருவுக்குத் தனி விசா தேவையில்லை என்று உறுதி செய்துகொண்டோம்.

இப்போதைக்குப் போட்டிருக்கும் திட்டம்: முதல் நாள் இரவு லிமா. மறுநாள் காலை விமானத்தில் குஸ்கோ, மதியமே ஊர் சுற்றல். மூன்றாம் நாள் வானவில் மலை. நான்காம் நாள் புனிதப் பள்ளத்தாக்கு. ஐந்தாம் நாள், மலைமேல் இருக்கும் பழைய இன்கா நகரமான மச்சு பிச்சு போய் இரவே குஸ்கோ திரும்புவது. (இன்காக்கள் என்றால் ஸ்பானியர் வருமுன் அங்கே ஆண்டவர்கள்.) ஆறாம் நாள் பஸ்ஸில் பூனோ, டிட்டிகாக்கா ஏரி. ஏழாம் நாள் லிமா வந்து அப்படியே இந்தியா.

மச்சு பிச்சுவுக்குள் சுற்றிப் பார்க்கும் பாதைகளைச் 'சுற்று' என்று பிரித்து டிக்கெட் விற்கிறார்கள். அரசுத் தளத்தில் ஐந்தாம் நாளுக்கு இரண்டாவது சுற்று டிக்கெட் மொத்தமும் தீர்ந்துவிட்டது. ஓர் ஏஜென்ட் பல மடங்கு விலை சொல்லி "வாங்கித் தருகிறேன்" என்கிறார். நம்பலாமா? அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை உண்டு, முழங்கால் வலியும் உண்டு. சமதரையில் நன்றாக நடப்பார். மச்சு பிச்சு அவருடைய பல வருட ஆசை. அங்கே போய்ப் படுத்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

ஆண்டிஸ் அன்பு
சகோதரி, டிக்கெட்டை அப்புறம் பார்ப்போம். முதலில் மாற்ற வேண்டியது நாட்களின் வரிசை. கடல் மட்டத்தில் இருக்கும் லிமாவிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் 3,400 மீட்டரில் இறங்குகிறீர்கள். மறுநாளே 5,000 மீட்டருக்கு மேல் வானவில் மலை. இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளே அங்கே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அம்மாவுக்கு இது வேண்டவே வேண்டாம்.

பலருக்குத் தெரியாத விஷயம், மச்சு பிச்சு குஸ்கோவைவிடக் கிட்டத்தட்ட 1,000 மீட்டர் தாழ்வு. அது சுமார் 2,430 மீட்டர். அடிவாரத்து ஊரான அகுவாஸ் காலியெந்தெஸ் இன்னும் கீழே, 2,000 மீட்டரை ஒட்டி. நடுவில் ஓயாந்தைதம்போ 2,800 மீட்டர். ஆகவே குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் ஊருக்குள் போகாமல், டாக்சி பிடித்து நேராகப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். சாலையில் இரண்டு மணி நேரத்துக்குள் ஓயாந்தைதம்போ. வழியில் சின்செரோ பக்கம் 3,700 மீட்டரைத் தாண்டும், பயப்பட வேண்டாம். கடந்து போகும் உயரத்தைவிட இரவு தூங்கும் உயரம்தான் உடம்புக்கு முக்கியம்.

ஓயாந்தைதம்போவில் இரண்டு இரவு தங்கலாம். நான் பார்த்த இன்கா ஊர்களில் மனிதர்கள் இன்றும் குடியிருக்கிற அழகான ஊர் அதுதான். கல் பாவிய குறுகிய தெருக்கள், ஓரத்தில் மலைத் தண்ணீர் சலசலத்து ஓடும் வாய்க்கால், இன்கா காலத்து வாசல் வழியாக வீட்டுக்குள் போகும் பள்ளிப் பிள்ளைகள். அங்குள்ள இன்கா கோட்டையின் படிகள் செங்குத்து. அம்மா கீழே சதுக்கத்தில் உட்கார்ந்தே முழுக் கோட்டையையும் பார்க்கலாம். தெம்பு இருந்தால் டாக்சி எடுத்து மராஸ் உப்புப் பாத்திகளும் மொராய் வட்டப் படிகளும் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் முதல் நாளே வேண்டாம்.

குஸ்கோவைக் கடைசியில் வையுங்கள். அதற்குள் உடம்பு உயரத்துக்குப் பழகியிருக்கும்.

ஹூஸ்டன் செல்வி
என் பெற்றோரை அழைத்துப் போனோம், அதனால் டிக்கெட் பற்றிச் சொல்கிறேன். ஏஜென்டிடம் பணம் கொடுக்காதீங்க. டிக்கெட்டில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் இருக்கும், வாசலில் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வேறு பெயரில் வாங்கியது செல்லாது.

2024 ஜூன் முதல் மூன்று சுற்றுகளாகப் பிரித்திருக்கிறார்கள். எல்லோரும் இரண்டாவதையே கேட்பதால் அது முதலில் தீர்ந்துவிடும். முழங்கால் வலி உள்ளவருக்கு மூன்றாவது சுற்றுதான் நல்லது, கீழ்ப் பகுதியில் போகும், படிகள் குறைவு. சூரியக் கோயில் பக்கம் அதில்தான் வரும். ஒவ்வொரு சுற்றிலும் உட்பிரிவுகள் உண்டு, கவனமாக 3-பி என்று பார்த்து எடுங்க. 3-ஏ, 3-சி எல்லாம் வாய்னா பிச்சு மலையேற்றம், பெரிய குகை என்று போகும், அம்மாவால் முடியாது. நாம் எல்லாப் படத்திலும் பார்க்கும் அந்த மேலிருந்து தெரியும் காட்சி மூன்றாவதில் கிடைக்காது. அது வேண்டுமானால் முதல் சுற்று, 1-பி. ஏற்றம் இருக்கும், நகரத்துக்குள் விடமாட்டார்கள்.

இணையத்தில் எதுவுமே இல்லை என்றாலும் வழி உண்டு. தினமும் 1,000 டிக்கெட் அகுவாஸ் காலியெந்தெஸில் நேரில் விற்கிறார்கள். பாஸ்போர்ட்டோடு போய் முதலில் டோக்கன், பிறகு அந்த வரிசையில் பெரும்பாலும் மறுநாளுக்கான டிக்கெட். கையில் பெரு நாட்டுப் பணமான சோல் இருக்கட்டும். ஆகஸ்டில் கூட்டம் அதிகம், எந்தச் சுற்று கிடைக்கும் என்பது நம் கையில் இல்லை. அம்மாவின் ஆசையை அந்த வரிசையை நம்பி விட வேண்டாம். 3-பி இருந்தால் இன்றே எடுத்துவிடுங்க.

அப்புறம் ஒன்று. உள்ளே கழிவறை கிடையாது, வாசலுக்கு வெளியேதான். பாதை ஒருவழி, திரும்பி வர முடியாது. அடிவாரத்திலிருந்து மேலே வரும் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கழிவறை போய்விட்டு உள்ளே நுழையச் சொல்லுங்க. ஊன்றுகோலுக்கு அடியில் ரப்பர் மூடி வேண்டும், உலோக முனை இருந்தால் விடமாட்டார்கள். பெரிய பை, குடையும் அப்படியே.

மருத்துவர் நிலவன்
கார்த்திகா, இரண்டு விஷயங்கள்.

முதலாவது உயர நோய். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் ஓய்வு, தண்ணீர், அன்றைக்கு மேலே ஏறாமல் இருப்பது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால் காத்திருக்கவே கூடாது, உடனே கீழே இறக்க வேண்டும். தடுப்புக்கு அசிடசோலமைடு மாத்திரை உண்டு, வழக்கமாக ஏறுவதற்கு முந்தைய நாள் தொடங்குவார்கள். விரல் நுனி மதமதக்கும், சிறுநீர் அடிக்கடி போகும். அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரைப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு அவருடைய மருத்துவரைப் பாருங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். ஓட்டல்களில் தரும் கோகா இலைத் தேநீர் குடிக்கலாம், ஆனால் இலையையோ தேநீர்ப் பையையோ அமெரிக்காவுக்கோ இந்தியாவுக்கோ கொண்டுவருவது சட்டப்படி குற்றம்.

இரண்டாவதை யாரும் கேட்கவில்லை. பெருவிலிருந்து நேராக இந்தியா என்று எழுதியிருக்கிறீர்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் பெரு இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி 6 நாட்களுக்குள் இந்தியாவில் இறங்கினால் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். இல்லையென்றால் தனிமைப்படுத்தி வைக்கலாம். நீங்கள் போகும் குஸ்கோ, மச்சு பிச்சு பக்கம் அந்த நோய் ஆபத்து இல்லை, அமேசான் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் இந்திய விதி நாட்டையே கணக்கில் எடுக்கும். ஊசி போட்டு 10 நாட்கள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள்.

அம்மாவுக்கு இதில் கூடுதல் யோசனை வேண்டும். 60 வயதுக்கு மேல் முதல்முறை இந்த ஊசி போடும்போது கடுமையான பக்கவிளைவுக்கான வாய்ப்பு இளையவர்களைவிட அதிகம். நீங்கள் அமேசான் போகாதபோது, வேறு வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

கோவை கார்த்திகா
மிக்க நன்றி டாக்டர், இது எங்களுக்குத் தெரியவே தெரியாது. தங்கையிடம் பேசினேன். பெரு முடித்து ஹூஸ்டன் திரும்பி, ஒரு வாரத்துக்கு மேல் அங்கே இருந்துவிட்டு இந்தியா வந்தால் சரியாகிவிடுமா?

செல்வி அக்கா, ஐந்தாம் நாள் காலை 9 மணிக்கு 3-பி இருந்தது, மூன்று பேருக்கும் எடுத்துவிட்டேன்! ஒருவருக்கு 152 சோல், ஏஜென்ட் கேட்டதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. சாப்பாட்டுக்கு என்ன செய்வது? பூனோவை என்ன செய்யலாம்?

மருத்துவர் நிலவன்
6 நாட்களுக்கு மேல் அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்தால் அந்த விதிக்குள் வரமாட்டீர்கள். பாஸ்போர்ட் முத்திரை, விமானச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள், தேதியைக் காட்ட உதவும். கிளம்பும் முன் விதி மாறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

லிமா ரசிகை
சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம் கார்த்திகா, 3,000-க்கும் மேற்பட்ட உருளைக்கிழங்கு வகைகள் விளைகிற நாடு. "சின் கார்னே", அதாவது இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழி போட்டுக் கொண்டுவந்துவிடுவார்கள். "நி போயோ, நி பெஸ்காதோ, நி வெவோ" என்று கோழி, மீன், முட்டை மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். சூப்தான் ஏமாற்றும். மேலே கீனுவா என்ற தானியமும் காய்கறியும் மிதக்கும், அடியில் எலும்பு கொதித்த சாறு. "கால்தோ", அதாவது அந்தச் சாறு, எதில் செய்தது என்று கேட்காமல் அம்மாவுக்கு வாங்க வேண்டாம்.

வெண்ணெய்ப்பழம், பெரிய மணிச் சோளத்தோடு பாலாடைக்கட்டி, சாதமும் பயறும் சேர்த்து வறுத்த தாக்கு தாக்கு இவையெல்லாம் அம்மாவுக்குப் பிடிக்கும். தாக்கு தாக்குவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு, அதையும் கேளுங்கள். உருளைக்கிழங்கின் மேல் மஞ்சள் மிளகாய்ச் சாறு ஊற்றிய வாங்காயினா எங்கும் கிடைக்கும், அவித்த முட்டையை எடுத்துவிட்டுத் தரச் சொல்லலாம். காரம் மட்டும் நம்மூர் அளவுக்கு இருக்காது, ஊறுகாய் எடுத்துப் போங்கள்.

ஆண்டிஸ் அன்பு
பூனோவை இந்த முறை விட்டுவிடுங்கள் சகோதரி. டிட்டிகாக்கா 3,812 மீட்டர். குஸ்கோவிலிருந்து போகும் பஸ் 4,300 மீட்டருக்கு மேல் லா ராயா கணவாயைத் தாண்டும், பயணமே ஒரு பகலை விழுங்கிவிடும். அருமையான ஏரிதான், அதற்குத் தனியாக நாட்கள் ஒதுக்க வேண்டும். அந்த நாளைக் குஸ்கோவுக்குக் கொடுங்கள். காலையில் கோரிகாஞ்சா போங்கள். இன்காக்களின் பொற்கோயில் சுவரின் மேலேயே ஸ்பானியர் கட்டிய மடம் நிற்கிறது. 1950 நிலநடுக்கத்தில் மடம் பெரிதும் சிதைந்தது, அடியில் இன்கா கல் அசையவில்லை. அம்மாவை அந்தச் சுவர் அருகே நிறுத்தி, கற்களின் இணைப்பில் விரலை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், நகம்கூட நுழையாது. மாலையில் டாக்சியில் சக்சைவாமன் என்ற இன்கா கற்கோட்டை.

நான்காம் நாள் மதிய ரயிலில் அகுவாஸ் காலியெந்தெஸ் போய் இரவு தங்குங்கள். ஓயாந்தைதம்போவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள்தான். ரயிலில் பெரிய பெட்டி ஏற்றமாட்டார்கள், ஓட்டலில் விட்டுவிட்டு ஒரு இரவுக்கான பையோடு போனால் போதும். மறுநாள் 9 மணி நுழைவுக்கு 8 மணிக்கு முன்பே பஸ் வரிசையில் நில்லுங்கள்.

கோவை கார்த்திகா
சரி அண்ணா, பூனோவையும் வானவில் மலையையும் எடுத்துவிட்டோம். ரயில் டிக்கெட்டை இன்றிரவு போடுகிறேன், ஓயாந்தைதம்போவில் தரைத்தளத்து அறை கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அம்மாவின் டாக்டரைப் பார்க்கிறோம். அவர் மாத்திரை பற்றி என்ன சொல்கிறார் என்பதை இங்கே எழுதுகிறேன்.