யூனிட் டெஸ்டில் நெட்வொர்க்கைப் போலி செய்வது: இன்டர்ஃபேஸிலா, சாக்கெட்டிலா?

கோப்புக்கட்டு:
யூனிட் டெஸ்ட் என்று பெயர் வைத்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் மாக்வெப்சர்வரை (டெஸ்டுக்குள்ளேயே ஓடி, நிஜ சாக்கெட் வழியே பதில் தரும் போலி சர்வர்) எழுப்பி இறக்குவது எனக்கு ஒப்பாது. ரெப்போசிட்டரிக்கு (ஆப்புக்குத் தரவை எடுத்துத் தரும் கிளாஸ்) வேண்டியது ரெட்ரோஃபிட் (ஆண்ட்ராய்டில் சர்வர் அழைப்புகளை எழுத உதவும் லைப்ரரி) இன்டர்ஃபேஸ் மட்டும்தான். அதற்குக் கையால் ஒரு போலி கிளாஸ் எழுதுங்கள், 20 வரி போதும். வெற்றி வேண்டுமென்றால் ஒரு பட்டியலைத் தரும், தோல்வி வேண்டுமென்றால் ஐஓஎக்ஸெப்ஷன் எறியும். போர்ட் கிடையாது, த்ரெட் கிடையாது, ஜேசன் (சர்வர் தரவை அனுப்பும் உரை வடிவம்) கோப்பு கிடையாது. ஐஓஎஸ்ஸிலும் நெட்வொர்க் அழைப்புகளைச் செய்யும் யூஆர்எல்செஷனை ஒரு ப்ரோட்டோகாலுக்கு, அதாவது ஸ்விஃப்ட் மொழியின் இன்டர்ஃபேஸுக்கு, பின்னால் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள். "யதார்த்தமாக இருக்கும்" என்ற ஒற்றை வரியோடு வர வேண்டாம்.

அலைவரிசை:
காரணத்தோடேயே வருகிறேன். பேஸ் யூஆர்எல் "/ஏபிஐ/" என்று முடிகிறது. கெட் அனோட்டேஷனில் (ரிக்வெஸ்ட் போக வேண்டிய பாதையை மெத்தட்டின் மேல் எழுதும் குறிப்பு) யாரோ "/யூசர்ஸ்" என்று முன்னால் சாய்கோடு போட்டு எழுதிவிட்டார். ரெட்ரோஃபிட் அதை ஹோஸ்டின் வேரிலிருந்து கணக்கிடும். "ஏபிஐ" காணாமல் போகும். ஆப்பில் 404. உங்கள் போலி கிளாஸோ அனோட்டேஷனைத் திரும்பிக்கூடப் பார்க்காது, டெஸ்ட் பச்சையாகவே இருக்கும்.

ஜேசனை ஆப்ஜெக்டாக மாற்றும் ஜிசான் லைப்ரரியின் கதை இதைவிட மோசம். டேட்டா கிளாஸில் "பெயர்" நல் (மதிப்பே இல்லாத நிலை) ஆகாத ஸ்ட்ரிங். சர்வர் அந்தப் புலத்தை அனுப்பவில்லை. கன்ஸ்ட்ரக்டரைச் சுற்றிப் போய் ஆப்ஜெக்டை உருவாக்கும் ஜிசான், காட்லின் மொழியின் நல் பாதுகாப்பைக் கண்டுகொள்ளாமல் உள்ளே நல்லை வைத்துவிடும். வெடிப்பது பார்ஸ் செய்யும் இடத்தில் அல்ல, மூன்று திரை தாண்டி. கையால் கட்டிய ஆப்ஜெக்டைத் திருப்பித் தரும் போலியில் அந்த நல் எப்படி வரும்? கம்பைலரே விடாதே.

கோப்புக்கட்டு:
சாய்கோட்டை உங்கள் மாக்வெப்சர்வர் பிடிக்கும் என்பதும் பாதி உண்மைதான். டெஸ்டில் பேஸ் யூஆர்எல்லை "/" என்று கொடுத்தால் இரண்டு எழுத்து முறையும் ஒரே பாதைக்குத்தான் போகும். வரிசையில் போட்ட பதிலை எந்தப் பாதைக்கும் அது கொடுத்துவிடும்.

அலைவரிசை:
சரி. அதனால்தான் பேஸ் யூஆர்எல்லை ஆப்பில் உள்ளதைப் போலவே "/ஏபிஐ/" வரை கொடுத்து, டேக்ரிக்வெஸ்ட் (சர்வருக்கு வந்த ரிக்வெஸ்ட்டை எடுத்துத் தரும் மெத்தட்) அழைத்துப் பாதையை ஒப்பிட வேண்டும். ஒப்பிடாமல் பதிலை மட்டும் பார்க்கிறவர்கள் உங்கள் போலி கிளாஸையே எழுதிக்கொள்ளலாம், வேகமாவது மிஞ்சும்.

கோப்புக்கட்டு:
அந்த டேக்ரிக்வெஸ்ட்டைப் பற்றியும் சொல்லுங்கள். ரிக்வெஸ்ட் வரவில்லையென்றால் அது வரும்வரை காத்துக்கொண்டே நிற்கும். சிஐ ஜாப் (டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் வேலை) முழுதும் தொங்கும். நேர வரம்பு கொடுக்கும் வடிவத்தைத்தான் எப்போதும் அழைக்க வேண்டும், 1 நொடி போதும். பதில் வரிசை காலியாக இருக்கும்போது கூடுதலாக ஒரு ரிக்வெஸ்ட் போனாலும் இதே கூத்துதான். சர்வர் பேசாமல் இருக்கும். ரெட்ரோஃபிட்டுக்கு அடியில் நெட்வொர்க் வேலையைச் செய்யும் ஓக்கேஹெச்டிடிபியின் இயல்பான ரீட் டைம்அவுட் 10 நொடி. இப்படி ஆறு டெஸ்ட் விழுந்தால் ஒரு நிமிடம் காலி.

இன்னொன்று. காட்லினில் காத்திருந்து ஓடும் கோடைச் சோதிக்கும் ரன்டெஸ்ட்டுக்குள், நேர வரம்பு வைக்கும் வித்டைம்அவுட் போட்டு மாக்வெப்சர்வரை அழைத்துப் பாருங்கள். ரன்டெஸ்ட்டின் கடிகாரம் மெய்நிகர்க் கடிகாரம். சாக்கெட் வேலை வேறு த்ரெட்டில் நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது. தன் கையில் வேலை இல்லை என்றதும் கடிகாரத்தை முன்னால் தள்ளிவிடும். 5 நொடி வரம்பு அடுத்த கணமே தீர்ந்துபோகும். நெட்வொர்க் கோடில் பிழை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அலைவரிசை:
வரிசை காலியானால் உடனே 404 தரச் சொல்ல மாக்வெப்சர்வரின் பதில் வரிசையை நடத்தும் க்யூடிஸ்பாச்சரில் ஃபெயில்ஃபாஸ்ட் இருக்கிறது. ரீட் டைம்அவுட்டை டெஸ்ட் கிளையன்ட்டில் 200 மில்லிநொடிக்கு இறக்கிவிடலாம். இணையாகப் போகும் ரிக்வெஸ்ட்டுகளுக்கு வரிசையே கூடாது, எது முன்னால் வருமென்று சொல்ல முடியாது. பாதையைப் பார்த்துப் பதில் தரும் டிஸ்பாச்சரை எழுதுங்கள். ரன்டெஸ்ட் சிக்கல் உண்மைதான். வித்டைம்அவுட் சுற்றிய பகுதியை காட்லினின் டிஸ்பாச்சர்ஸ் டிஃபால்ட் த்ரெட்டுகளுக்கு மாற்றினால் நிஜக் கடிகாரம் கிடைக்கும்.

ஆப்பிள்தோட்டம்:
இரண்டு பேரும் ஆண்ட்ராய்டிலேயே மல்லுக்கட்டுகிறீர்கள். ஐஓஎஸ்ஸில் நடுவழி ஒன்று உண்டு: யூஆர்எல்செஷனின் ரிக்வெஸ்ட்டை இடைமறிக்கும் யூஆர்எல்ப்ரோட்டோகால். சாக்கெட் திறக்காது, ஆனால் யூஆர்எல்செஷன் நிஜமானது. 2018 டபிள்யூடபிள்யூடிசி டெவலப்பர் மாநாட்டில் ஆப்பிளே காட்டிய முறை.

சப்கிளாஸ் எழுதி, கேன்இனிட்டில் ட்ரூ, கனானிக்கல்ரிக்வெஸ்ட்டில் வந்ததையே திருப்பு. ஸ்டார்ட்லோடிங்கில் கிளையன்ட்டுக்கு முதலில் ரெஸ்பான்ஸ், பிறகு டேட்டா, கடைசியாக முடிந்தது என்ற அழைப்பு. அந்தக் கடைசி அழைப்பை மறந்தால் டெஸ்ட் காத்தே கிடக்கும். ஸ்டாப்லோடிங் காலியாக இருந்தாலும் எழுதியே ஆக வேண்டும். பிறகு எஃபெமரல் கான்ஃபிகரேஷன் (வட்டில் எதையும் சேமிக்காத அமைப்பு) எடுத்து, ப்ரோட்டோகால்கிளாஸஸில் இதைப் போட்டு, அதற்குப் பிறகுதான் செஷனை உருவாக்க வேண்டும். செஷன் கான்ஃபிகரேஷனை நகலெடுத்துக்கொள்ளும், பின்னால் மாற்றினால் பயனில்லை. ரெஜிஸ்டர்கிளாஸ் மட்டும் அழைத்தால் ஷேர்ட் செஷனுக்குத்தான் வேலை செய்யும். நீங்களே உருவாக்கிய செஷன் நேராக நிஜ சர்வருக்குப் போய்விடும்.

எல்லாரும் தடுக்கி விழும் இடம்: போஸ்ட் ரிக்வெஸ்ட்டின் ஹெச்டிடிபிபாடி (அனுப்பும் தரவு) யூஆர்எல்ப்ரோட்டோகாலுக்குள் நல் என்றே இருக்கும். தொலையவில்லை, ஸ்ட்ரீமாக மாறியிருக்கிறது. ஹெச்டிடிபிபாடிஸ்ட்ரீமைத் திறந்து, தீரும்வரை படித்துச் சேர்க்க வேண்டும்.

கோப்புக்கட்டு அவர்களுக்கு ஒரு கேள்வி. யூஆர்எல்செஷன் 404-க்கு எர்ரர் எறியாது, டேட்டாவும் ரெஸ்பான்ஸும் ஒழுங்காக வந்து நிற்கும். உங்கள் போலி 404-க்கு எறிகிறதா?

கோப்புக்கட்டு:
எறிகிறது, நீங்கள் சொல்ல வருவதும் புரிகிறது. ஸ்டேட்டஸ்கோடு பார்க்கும் வரியை யாராவது நீக்கினாலும் என் டெஸ்ட் பச்சையாகவே இருக்கும். அதை ஏற்கிறேன். ஆனால் உங்கள் முறையில் பதில் தரும் ஹேண்ட்லர் ஸ்டாட்டிக் மாறி, எல்லா டெஸ்டுக்கும் பொது. ஆப்பிளின் புதிய டெஸ்ட் கட்டமைப்பான ஸ்விஃப்ட் டெஸ்டிங், டெஸ்டுகளை ஒரே ப்ராசஸில் இணையாக ஓட்டும். ஒரு டெஸ்ட் வைத்த 500-ஐ இன்னொன்று தின்றுவிடும். ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டச் சொல்லும் சீரியலைஸ்ட் போட்டாலும் அந்த ஸ்யூட்டுக்குள்தான் (டெஸ்ட் தொகுப்பு) வரிசை. பக்கத்து ஸ்யூட் அதேநேரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ஆப்பிள்தோட்டம்:
ஆமாம், பழைய கட்டமைப்பான எக்ஸ்சிடெஸ்ட்டில் இணை ஓட்டம் தனித்தனி ப்ராசஸில் நடந்ததால் இது கண்ணில் படாமலே இருந்தது. ஒவ்வொரு டெஸ்டும் தனக்கென ஒரு ஹோஸ்ட் பெயரை உருவாக்கட்டும்: யூயூஐடி (திரும்ப வராத தனி அடையாளக் குறி), பின்னால் ".இன்வேலிட்". ஹேண்ட்லர்களை ஹோஸ்ட் பெயரைச் சாவியாகக் கொண்ட டிக்ஷனரியில், லாக் போட்டு வையுங்கள். போலி எங்காவது இணையாமல் போனாலும் அந்தப் பெயர் டிஎன்எஸ்ஸில் கிடைக்காது, நிஜ சர்வரைத் தொடும் ஆபத்தும் இல்லை. ஒரு எல்லை உண்டு: பேக்ரவுண்டு செஷனில் இந்த வழி செல்லாது.

புதுவரவு_22:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மாக்வெப்சர்வர் டெஸ்ட் கணினியில் ஓடுகிறது, எமுலேட்டரில் கிளியர்டெக்ஸ்ட் (குறியாக்கம் இல்லாத ஹெச்டிடிபி) அனுமதி இல்லை என்று விழுகிறது. ஏன்?

அலைவரிசை:
ஆண்ட்ராய்டு 9 முதல், ஏபிஐ 28-ஐயோ அதற்கு மேலோ இலக்காகக் கொண்ட ஆப்புகளுக்கு வெறும் ஹெச்டிடிபி இயல்பாகவே தடை. கணினியின் ஜேவிஎம்மில் அந்தக் கொள்கை கிடையாது. டீபக் சோர்ஸ்செட்டில் மட்டும் ஒரு நெட்வொர்க் செக்யூரிட்டி கான்ஃபிக் வைத்து லோக்கல்ஹோஸ்டுக்கு அனுமதி கொடுங்கள். வெளியீட்டு ஆப்புக்கும் போகும் மெயினில் வைத்துவிடாதீர்கள்.

கோப்புக்கட்டு அவர்களே, உங்களிடம் ஒன்று பாக்கி. டோக்கன் காலாவதியானால் 401, அதைப் பார்த்து ஆதன்டிகேட்டர் புது டோக்கன் வாங்கி மறுபடி அனுப்ப வேண்டும். அந்த ஆதன்டிகேட்டர் ஓக்கேஹெச்டிடிபிக்குள் இருக்கிறது. உங்கள் இன்டர்ஃபேஸ் போலி அதற்கு மேலே. எங்கே சோதிப்பீர்கள்?

கோப்புக்கட்டு:
ஆதன்டிகேட்டர் ஒரு சாதாரண கிளாஸ். ரெஸ்பான்ஸ் ஆப்ஜெக்டைக் கையால் கட்டி நேரடியாக அழைப்பேன்.

அலைவரிசை:
கிளையன்ட்டில் அதைச் சேர்க்க மறந்தாலும் உங்கள் டெஸ்ட் தேறும். சர்வர் 401-ஐயே திரும்பத் திரும்பத் தந்தால்? முந்தைய முயற்சியை எண்ணிப் பார்த்து நல் திருப்பாவிட்டால், 20 தொடர் ரிக்வெஸ்ட் வரை ஓக்கேஹெச்டிடிபி சுற்றிவிட்டு ப்ரோட்டோகால் எக்ஸெப்ஷனோடு நிற்கும். ஒரு முறை அழைக்கும் டெஸ்டில் அந்தச் சுழல் தெரியவே தெரியாது. மாக்வெப்சர்வரில் 401, புது டோக்கனோடு 200, பிறகு தரவோடு 200 என்று மூன்று பதிலை வைத்து, ரிக்வெஸ்ட் எண்ணிக்கை 3, மூன்றாவதின் ஆதரைசேஷன் ஹெடரில் புது டோக்கன் என்று பார்த்தால் விஷயம் தீர்ந்தது.

கோப்புக்கட்டு:
ஆதன்டிகேட்டருக்கும், ரிக்வெஸ்ட்டை வழியில் பிடித்து மாற்றும் இன்டர்செப்டருக்கும் ஒத்துக்கொள்கிறேன். ஏபிஐ இன்டர்ஃபேஸில் மெத்தட் ஒன்றுக்கு ஒரு பாதைச் சோதனை, ஒரு ஜேசன் சோதனை, அதுவும் மாக்வெப்சர்வரில். ஆனால் கேஷ் பழையதா, பக்கம் 2 வேண்டுமா, பிழைக்கு எந்தச் செய்தி என்று தீர்மானிக்கிற ரெப்போசிட்டரி டெஸ்டில் சாக்கெட்டுக்கு இடமில்லை. அங்கே ஜேசனை ஒட்டி வைத்தால் புலம் ஒன்று மாறியதும் சம்பந்தமில்லாத 40 டெஸ்ட் சிவக்கும்.

அலைவரிசை:
ஜேசனை 40 இடத்தில் ஒட்டினால் சிவக்கத்தான் செய்யும். ஒரே கோப்பில் வைத்து எல்லா டெஸ்டும் அதைப் படிக்கட்டும். பக்கம் 2-க்கான க்வெரி சரியாகப் போகிறதா என்பதும் ரெப்போசிட்டரியின் கவலைதான், அதை உங்களுக்கு விட்டுத்தர மாட்டேன்.

கோப்புக்கட்டு:
போலி கிளாஸ் தனக்கு வந்த பக்க எண்ணை ஒரு பட்டியலில் குறித்துக்கொள்ளும், டெஸ்ட் அதை எடுத்துப் பார்க்கும். அதற்கு எதற்கு போர்ட்?