புதுப்பிப்பு: வெள்ளம் புகுந்த கிணற்றுக்குக் குளோரின் – பலன் கிடைத்தது
2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில், முடிச்சூரில் எங்கள் தெருப் பொதுக் கிணற்றுக்குள் சாக்கடை கலந்த வெள்ளம் இறங்கியதே, என்ன செய்யலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

"தெருத் தண்ணீர் வடியும்வரை மோட்டாரைப் போடாதீர்கள், சுற்று மண் ஊறியிருக்கும், உறை சரியும்" என்ற எச்சரிக்கைதான் கிணற்றையே காப்பாற்றியது. வடிந்த பிறகு இறைத்து, சேறு வாரினோம். தெளிந்த நீர் ஊற விட்டோம்.

அளவு: விட்டம் 3 மீட்டர், நீர் ஆழம் 4 மீட்டர், ஏறக்குறைய 28,000 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் என்ற வழக்கமான கணக்கில் 70 கிராம் பிளீச்சிங் பவுடர். அதை வாளியில் கூழாகக் கரைத்து, மேலும் நீர் விட்டுச் சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் வேறு வாளியில் ஊற்றி, கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழுமாக அலசினோம். படிவைக் கொட்டினால் தண்ணீர் கடினமாகிவிடும்.

எதிர்பாராதது ஒன்று: ஒரு மணி நேரம் கழித்து, தண்ணீரில் குளோரின் இருந்தால் மஞ்சளாக்கிக் காட்டும் சோதனைத் துளியை விட்டபோது மஞ்சள் நிறமே வரவில்லை. பிரித்து வெகுநாளான பவுடரில் குளோரின் போய்விடுமாம். வெள்ளக் கசடும் மிச்சத்தை விழுங்கிவிடும். புதுப் பொட்டலம் வாங்கி, இரட்டிப்பாகப் போட்டதும் மஞ்சள் தெரிந்தது. வாசனையை நம்பாதீர்கள், துளிச் சோதனை அவசியம். குடிப்பதற்கு இன்னும் கொதிக்க வைத்தே எடுக்கிறோம்.