நெருப்பை வணங்கும் கூட்டமும் போலித் தீர்க்கதரிசியும்: பலிச்சடங்கு எந்த நொடியில் கைமீறுகிறது?

வெண்சாம்பல் (இழையைத் தொடங்கியவர்)

ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நெருப்பைத் தெய்வமாக வணங்கும் சின்னக் கூட்டம். அதன் தலைவன் போலி. நெருப்பு தன்னோடு பேசுகிறது என்று சொல்லியே ஆள் சேர்த்தவன். பலி நாளன்று சடங்கு அவன் கையை மீறிப் போகிறது. அதுதான் மையக் காட்சி.

முதலில் எழுதியது இப்படி: அவன் குண்டத்தில் வீசும் பொடி பற்றவில்லை, பித்தலாட்டம் அம்பலமாகிறது, கூட்டம் அவன் மேல் பாய்கிறது. படித்துப் பார்த்த தோழி "இப்படியெல்லாம் நடக்காது" என்று சொல்லிவிட்டாள். எனக்கும் உறுத்துகிறது. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

நெடுவழி

தோழி சொன்னதுதான் சரி. குட்டு வெளிப்பட்டால் கூட்டம் கலைந்துவிடும் என்பது வெளியே நிற்பவர்களின் ஆசை. உள்ளே இருப்பவர்கள் அப்படி யோசிப்பதில்லை.

1856-ல் தென்னாப்பிரிக்காவின் கோசா மக்களிடையே நோங்கவுசே என்ற பெண், பதினைந்து வயது இருக்கலாம், முன்னோர்கள் தன்னிடம் பேசியதாகச் சொன்னாள். மாடுகளைக் கொல்லுங்கள், தானியத்தை அழியுங்கள், இறந்தவர்கள் எழுந்து வருவார்கள், வெள்ளையர்கள் கடலில் தள்ளப்படுவார்கள் என்பது செய்தி. குறித்த நாள் வந்தது, எதுவும் நடக்கவில்லை. அவளை யாரும் அடிக்கவில்லை. இன்னும் மாட்டைக் கொல்லாமல் வைத்திருந்தவர்களால்தான் முன்னோர்கள் வரவில்லை என்று பழியை அந்தப் பக்கம் திருப்பினார்கள். பிறகு இன்னொரு நாள் குறித்தார்கள். ஏறத்தாழ 4 லட்சம் மாடுகள் போயின, 40,000 பேர் வரை பசியில் செத்தார்கள்.

உங்கள் பொடி பற்றவில்லை என்றால் கூட்டம் தலைவனைப் பார்க்காது. பக்கத்தில் நிற்பவனைத்தான் பார்க்கும். "நம்மில் யாரோ சுத்தமில்லாமல் வந்திருக்கிறார்கள்" என்று முதல் குரல் எழும். தந்திரம் தோற்றால் அவன் தப்பித்துவிடுவான். தந்திரம் பலித்த பிறகு அவன் நிறுத்த நினைக்கும்போதுதான் மாட்டிக்கொள்வான்.

கல்தச்சன்

நெடுவழி, உங்கள் பதிவின் கடைசி இரண்டு வரிகள் எனக்கு ஆபத்தாகப் படுகின்றன. "மாட்டிக்கொள்வான்" என்று எழுதியதும் அவன் பரிதாபத்துக்குரியவன் ஆகிவிட்டான். எரிந்தவர்கள் எங்கே போனார்கள்?

உகாண்டாவின் கனுங்குவை எடுத்துக்கொள்ளுங்கள். 1999 டிசம்பர் 31-ல் உலகம் முடியும் என்று ஒரு மத இயக்கத்தின் தலைவர்கள் சொன்னார்கள். முடியவில்லை. சொத்தை விற்றுக் கொடுத்தவர்கள் கேள்வி கேட்கத் தொடங்கியதாகச் செய்திகள் வந்தன. 2000 மார்ச் 17-ல் ஜன்னல்களை ஆணியடித்து மூடிய கூடத்துக்குள் நூற்றுக்கணக்கானோர் எரிந்து போனார்கள், குழந்தைகளும் உட்பட. முதலில் எல்லாரும் கூட்டுத் தற்கொலை என்றார்கள். அப்புறம் வேறு இடங்களில் குழிகளுக்குள் உடல்கள் கிடைத்தன. காவல்துறை அதைக் கொலையாக நடத்தியது.

அங்கே எதுவும் கைமீறவில்லை. ஆணியை அடித்தது ஒரு கை.

நெடுவழி

கனுங்குவை நான் மறுக்கவில்லை, ஐயா. ஆனால் அது ஒரு வகை. எல்லாப் போலியும் திட்டம் போட்டுக்கொண்டு வருபவன் இல்லை.

கி.மு. 135 வாக்கில் சிசிலித் தீவின் என்னா நகரில் யூனஸ் என்ற சிரிய அடிமை இருந்தான். கொட்டை ஓட்டில் இரண்டு பக்கமும் துளை போட்டு, உள்ளே நெருப்பு வைத்து, வாயில் அடக்கிக்கொண்டு ஊதுவான். வாயிலிருந்து பொறி பறக்கும். தான் ஒருநாள் அரசனாவேன் என்று தெய்வம் சொன்னதாகவும் சொல்வான். எஜமானன் விருந்துகளில் அவனைக் கொண்டுவந்து நிறுத்துவான். விருந்தாளிகள் "அரசனானால் எங்களை என்ன செய்வாய்?" என்று கேட்டுச் சிரித்து, தட்டிலிருந்து இறைச்சித் துண்டை எடுத்து நீட்டுவார்கள். கிரேக்க வரலாற்றாசிரியர் டயோடோரஸ் எழுதி வைத்திருக்கிறார்.

பிறகு ஒருநாள் கொடுமை தாங்காத அடிமைகள் அவனிடம் வந்தார்கள். அவர்கள் சிரிக்கவில்லை. "நாங்கள் செய்யப்போவதற்குத் தெய்வம் சம்மதிக்கிறதா?" என்று கேட்டார்கள். அந்த நொடியில் அவனால் என்ன சொல்ல முடியும்? சம்மதம் என்றான். நானூறு பேர் திரண்டார்கள், ஊர் ரத்தமானது, அவன் உண்மையிலேயே அரசனானான். கொட்டை ஓட்டைக் கையில் எடுத்தபோது அவன் நினைத்தது அதுவாக இருக்க முடியாது.

தீவட்டி

நாடகங்களில் நெருப்பு வேலை பார்ப்பவள் நான். மனிதர்களைப் பற்றி நீங்கள் பேசுங்கள், நெருப்பைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன். கைமீறுவதில் அதற்கும் பங்கு உண்டு.

பொடி பற்றாமல் போவது நம்பும்படியான விஷயம்தான். லைக்கோபோடியம் (ஒரு செடியின் வித்துத்தூள்) போன்ற பொடி காற்றில் தூவினால்தான் குப்பென்று எரியும். கை நடுங்கிக் குவியலாகக் கொட்டினால் சும்மா புகையும். தாமிர உப்பு போட்டால் சுவாலை பச்சையாகும், உங்கள் ஆள் அதைத்தான் "தெய்வம் வந்துவிட்டது" என்று காட்டியிருப்பான்.

எரிசாராயம் வேறு கதை. எரியும் குண்டத்தில் கிண்ணத்திலிருந்து அதை ஊற்றினால் ஆவி வழியாகத் தீ கிண்ணத்துக்குள்ளேயே திரும்பி வரும். சில வருடங்களுக்கு முன் ஒரு ஒத்திகையில் என் கண்ணெதிரே நடந்தது. பகல் வெளிச்சம். நடிகர் ஊற்றி முடித்துக் கையை உயர்த்தினார். எங்களுக்கு எதுவுமே தெரியவில்லை. சட்டைக் கையின் ஓரம் பழுப்பாகிச் சுருண்டது, அதைப் பார்த்துத்தான் கை எரிகிறது என்று புரிந்தது. சாராயச் சுவாலை பகலில் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. ஈரச் சாக்கை நான் எடுத்துப் போடுவதற்குள் அவர் வசனத்தின் இரண்டு வார்த்தையைச் சொல்லிவிட்டார். ஒத்திகையை நடத்தியவர்கள் அருகில் ஒரு வாளித் தண்ணீர்கூட வைக்கவில்லை. இன்றும் எனக்கு ஆறவில்லை.

இன்னொன்று. கூடத்துக்குள் சடங்கு என்றால் சூடான புகை கூரையடியில் சேரும். அது 600 டிகிரியைத் தொட்டால் கீழே இருப்பதெல்லாம் ஒரே நேரத்தில் பற்றும். அதற்கப்புறம் வசனத்துக்கு நேரமே இருக்காது. திறந்தவெளியில் வையுங்கள்.

கல்தச்சன்

தீவட்டி, அந்த நடிகர் பிழைத்தார் என்று நம்புகிறேன்.

நெடுவழி, யூனஸ் நல்ல உதாரணம், ஏற்கிறேன். ஆனாலும் எதிர் உதாரணம் ஒன்று. 8ஆம் நூற்றாண்டில் நடு ஆசியாவில் அல்முகன்னா என்று ஒருவன், முகத்திரை போட்டுக்கொண்டு தன்னைத் தெய்வ அவதாரம் என்றவன். கோட்டை முற்றுகையில் வழி அடைபட்டதும் மூன்று நாள் அடுப்பைச் சூடேற்றி அதில் குதித்தான் என்று புகாரா நகரின் வரலாற்றை எழுதிய நர்ஷகீ சொல்கிறார். உடல் கிடைக்கக் கூடாது, வானத்துக்குப் போய்விட்டான் என்று நம்ப வேண்டும், அதற்காக. செத்த பிறகும் கூட்டத்தைக் கையில் வைத்துக்கொள்ளப் பார்த்தவன் அவன். போலிகள் அவ்வளவு சுலபமாகப் பிடியை விடுவதில்லை.

தீவட்டி

பிழைத்தார். முழங்கைவரை தழும்பு.

ஈரவிறகு

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். யாரும் தொடாத ஒன்று இருக்கிறது, அது எனக்கு மனவருத்தம் தருவதும்கூட. "நெருப்பை வணங்குகிறவர்கள்" என்றாலே மனிதனைத் தூக்கி நெருப்பில் போடுகிறவர்கள் என்று கதைகள் ஏன் எழுதுகின்றன?

நெருப்பை உண்மையிலேயே புனிதமாக வைத்திருக்கும் ஜொராஸ்திரியர்களுக்கு (பழைய பாரசீக மதத்தவர், இங்கே பார்சிகள்), பிணத்தை நெருப்பில் இடுவது பெரும்பாவம். பூசாரி நெருப்பின் முன் நிற்கும்போது தன் மூச்சு படக் கூடாது என்று வாயைத் துணியால் மூடிக்கொள்வார். பாரசீகர்கள் நெருப்பைத் தெய்வமாகக் கருதுவதால் உடலை எரிக்க மாட்டார்கள் என்று பழங்காலக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸும் எழுதியிருக்கிறார்.

அங்கேயும் ஒரு தீர்க்கதரிசி வந்தான். 8ஆம் நூற்றாண்டின் நடுவில் குராசானில் (வடகிழக்கு ஈரான் பக்கம்) பிஹாஃபரீத் என்பவன். ஏழு வருடம் சீனாவில் இருந்துவிட்டு, கைப்பிடிக்குள் அடங்கும் மெல்லிய பச்சைச் சட்டையோடு திரும்பி வந்தான். ராத்திரியில் உயரமான இடத்தில் ஏறிக்கொண்டு, காலையில் இறங்கி வந்து, வானத்தில் இந்த உடையைக் கொடுத்தார்கள் என்றான். பழைய அறிஞர் அல்பீரூனி சொல்லும் கதை இது. அவனை முதலில் எதிர்த்தது யார் தெரியுமா? ஜொராஸ்திரியப் பூசாரிகளே. அந்தப் பகுதியை ஆண்ட அபூ முஸ்லிமிடம் முறையிட்டார்கள், பிஹாஃபரீத் கொல்லப்பட்டான். சீடர்களோ அவன் குதிரையேறி வானம் போனான், திரும்புவான் என்றார்கள்.

வெண்சாம்பல், உங்கள் கூட்டத்தில் அவனுக்கு முன்பிருந்தே நெருப்பைக் காத்து வந்தவர்கள் இருக்க வேண்டுமே. விறகைக் காயவைத்துத் தேர்ந்தெடுத்துப் போடுகிறவர்கள். அவர்கள் கண்ணில் பலிதான் தீட்டு. அவர்களை எங்கே விட்டீர்கள்?

நெடுவழி

இது எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி. என் பதிவுகளில் நானும் "கூட்டம்" என்று எல்லாரையும் ஒரே உடம்பாகப் பேசிவிட்டேன்.

கல்தச்சன்

ஈரவிறகு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ரஷ்யாவில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், திருச்சபைச் சீர்திருத்தத்தை ஏற்காத பழைய நம்பிக்கையாளர்கள் படை வரும்போது தங்களையே எரித்துக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கில். அதை 1691-ல் கடுமையாக எதிர்த்து எழுதியவர் எவ்ஃப்ரோசின் என்ற துறவி. அவரும் அதே பழைய நம்பிக்கையைச் சேர்ந்தவர். உள்ளே இருந்தே "வேண்டாம்" என்று சொன்ன குரல் அது.

அதனால்தான் "கூட்டம் அவனை இழுத்துக்கொண்டு போனது" என்பதை நான் முழுதாக ஏற்கமாட்டேன். சொல்வதற்கு ஆள் இருந்தார்கள். அவர்களை முதலில் வாயடைத்தது அவன்தான். அந்தக் கணக்கைக் கதையில் தீர்க்காமல் விடாதீர்கள்.

வெண்சாம்பல்

நேற்றிரவு காட்சியை முழுக்கக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன்.

குண்டத்தைக் காத்து வந்த கிழவி ஒருத்தி இப்போது வந்திருக்கிறாள். பத்து வருடத்துக்கு முன் அவன் அவளைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டான். பலி நாள், நடுப்பகல், திறந்தவெளி. பச்சைச் சுவாலை அவன் நினைத்தபடியே எழுகிறது. ஆட்டோடு முடிக்க நினைத்திருந்தான். ஒரு பையன் தானாக முன்னால் வந்து நிற்கிறான், அவன் அம்மா அழவில்லை. "போதும், நெருப்பு நிறைந்துவிட்டது" என்கிறான் தலைவன். யாருக்கும் கேட்கவில்லை, கேட்டவர்கள் அதைச் சோதனை என்று நினைக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் சாராயம் ஊற்றி நேரம் கடத்தப் பார்க்கிறான். கிண்ணத்துக்குள் தீ வருகிறது. கையை உயர்த்துகிறான், எல்லாரும் கையை உயர்த்துகிறார்கள். அவன் கை எரிவது கடைசி வரிசையிலிருக்கும் கிழவிக்கு மட்டும் தெரிகிறது.

அதற்கு மேல் எழுத ஓடவில்லை.

ஈரவிறகு

அவள் முதலில் பையனிடம் போவாள்.

கல்தச்சன்

ஆமாம். பையனிடம்தான்.