அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் கடை கடையாக இணையத்தைக் கொண்டுபோனவர்கள் யாராவது உண்டா?

தேக்காவாசி:
1996. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்துக்கொண்டே சிராங்கூன் சாலைக் கடைகளுக்கு இணையப் பக்கம் செய்து தர அலைந்தேன். டன்லப் ஸ்திரீட்டில் மசாலா அரைக்கும் கடை. பெரியவர் காதில் பென்சில். அவருடைய தொலைபேசிக் கம்பியைக் கழற்றி, கணினியை இணையத்தோடு சேர்க்கும் என் 28.8 மோடத்தில் சொருகினேன். கிரீச்சிட்டு, இரைந்து, ஒருவழியாகச் சேர்ந்தது. மிளகாய்ப் படம் பட்டை பட்டையாக மேலிருந்து இறங்கியது. "உலகமே உங்கள் கடையைப் பார்க்கும் ஐயா" என்றேன். வாசலில் கல்யாணச் சமையல்காரர் ஒருவர், தோளில் வேறு கடை மூட்டையோடு நின்றார். "முக்கால் மணி நேரம் அடித்தேன், எங்கேஜ். மல்லியை அங்கேயே வாங்கிவிட்டேன்."

பெரியவர் திட்டவில்லை. கம்பியைப் பிடுங்கி, சுருட்டி, என் கையில் வைத்தார். "உலகம் பார்க்கட்டும் தம்பி. எனக்கு போன் அடிக்க வேண்டும்."

சரக்கு மகன்:
சிறுகடைக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை என்கிற இந்தப் பேச்சை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் அப்பா சரக்கு அனுப்பும் தொழில் செய்தவர். ஏற்றுமதி இறக்குமதி அனுமதியைக் கணினி வழியே வாங்கும் டிரேட்நெட் 1989இல் வந்தது, அதாவது உங்கள் மிளகாய்ப் படத்துக்கு 7 ஆண்டுகளுக்கு முன்பே. முதல் அனுமதிச் சீட்டு கடையிலேயே அச்சாகி வந்தபோது அப்பா நம்பவில்லை. அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே போய், "இது செல்லுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் திரும்பினார். மறுநாளிலிருந்து அவரைப் பிடிக்க முடியவில்லை. வரிசையில் நிற்கும் அரை நாள் மிச்சம் என்றால் யாரும் கற்றுக்கொள்வார்கள். குறை விற்க வந்தவர்களிடம்தான்.

பட்டுநூல்:
எனக்கு வேறு மாதிரி. சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி 1995இலேயே தமிழை இணையத்தில் ஏற்றிக் காட்டிவிட்டார், 1997 மே மாதம் தமிழ் இணைய மாநாடும் இங்கேதான் நடந்தது. அந்த வேகத்தில் ஒரு சேலைக் கடைக்கு முழுக்கத் தமிழிலேயே பக்கம் செய்தேன். முதலாளியின் மச்சான் மலேசியாவில் கிள்ளானில் அதைத் திறந்து பார்த்துவிட்டு ஃபேக்ஸ் அனுப்பினார். தொப்பி போட்ட, புள்ளி வைத்த ஆங்கில எழுத்துகள். ஓரத்தில் சிவப்பு மையில், "இது என்ன பாஷை?" அவர் கணினியில் அந்த எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். முதலாளி ஃபேக்ஸைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். நான் விளக்க விளக்க, ஏமாற்றுகிறேன் என்றே அவருக்குத் தோன்றியது.

கணக்குப்பிள்ளை:
என் கதை சின்னது. மாமா கடைக்கு 1999இல் பக்கம் செய்து கொடுத்த பையன் வெளிநாடு போய்விட்டான். தளத்தின் பெயர் அவன் பெயரில் பதிவாகியிருந்தது. போயிற்று. இன்று கடை வைத்திருப்பவர்களே, கேளுங்கள். பெயரை உங்கள் பெயரிலேயே பதியுங்கள், தம்பி மகன் பெயரில் வேண்டாம். கடவுச்சொல்லைக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பூட்டி வையுங்கள். புதுப்பிக்கும் தேதியை நாட்காட்டியில் வட்டமிடுங்கள். பதிவுக்கு நீங்கள் தினமும் பார்க்கும் மின்னஞ்சலைக் கொடுங்கள். படங்களின் மூலப்பிரதிகளையும் செய்தவரிடமிருந்து வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தை போதாது, ரசீது கேளுங்கள்.

தேக்காவாசி:
அறிவுரை யார் கேட்டது, கணக்குப்பிள்ளை? சரக்கு மகனே, பெரியவருக்குப் புரியவில்லை என்று நான் எங்கே எழுதினேன்? அவருக்குப் புரிந்தது, எனக்குத்தான் புரியவில்லை. அந்த மல்லிக்கு என் பணத்தையாவது நீட்டியிருக்கலாம். மோடத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன்.